மூன்று வாரம் கேட்ட பிலோமினா டீச்சர்

அந்தத் திங்கட்கிழமை காலை என் மேசைக்கு எதிரே செல்வி என்கிற அம்மா உட்கார்ந்திருந்தார். வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்த அவருடைய மகள் தர்ஷினியின் மாற்றுச் சான்றிதழை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். அப்போது என் கைபேசி அடித்தது. திரையில் பிலோமினா டீச்சரின் பெயர். அந்தச் சான்றிதழைக் கொடுக்கவே கூடாது என்று வெள்ளிக்கிழமை என்னோடு சண்டை போட்டவர் அவர்தான். பேருந்தில் வரும்போதே மறுபடி ஆரம்பிக்கிறார் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன். இரண்டாவது முறை அடித்தது. சத்தத்தை நிறுத்திக் கவிழ்த்து வைத்தேன்.

செல்வி கையெழுத்துப் போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிய பிறகுதான் திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தவர் டீச்சருடைய தம்பி. "அக்கா தவறிட்டாங்க சார்" என்றார். காலையில் பேருந்துக்குக் கிளம்பியவர், டிபன் பாக்ஸை மூடும்போது நெஞ்சை என்னவோ செய்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. "அவங்க போன்ல கடைசியா கூப்பிட்டிருந்தது உங்க நம்பர் சார். அதான் மொதல்ல உங்களுக்குச் சொல்றேன்" என்றார் தம்பி. வண்டிச் சாவியைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலானவர்கள் அவரோடு வேலை செய்தவர்கள், அல்லது அவரிடம் படித்தவர்கள். புதுச்சத்திரம் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் நம் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தினார். சேலத்துக்காரர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையையும் தவறவிடமாட்டார், திங்கட்கிழமை காலைப் பேருந்தையும் தவறவிடமாட்டார். நான் கணக்கு ஆசிரியர். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒழுங்குப் பொறுப்பும் என்னிடம்தான். ஆகவே எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. புகழ்ந்து எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எரிச்சல்தான் வருகிறது. அதில் பாதி என் மேலேயே.

அவர் இறந்த அன்று மாலைக்குள் பள்ளியின் வாட்ஸ்அப் குழு முழுக்க ஒரே வாசகம் ஓடியது: "அன்பால் குழந்தைகளைத் திருத்தியவர்." படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் வந்தது. ‘திருத்துவது’ என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது எல்லார் முன்னாலும் குறுக்கிட்டார். "நோட்டைத்தான் சார் திருத்தறது. செவப்பு மைல சுழிச்சா புள்ள மாறிடுமா?" என்றார். எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

என்னிடம் ஒரு ஒழுங்கு நோட்டு உண்டு. யார், யாரை, எப்போது, என்ன தண்டனை என்று எழுதுவேன். ஒருமுறை அதைக் கேட்டு வாங்கிப் போனவர், இரண்டு வாரம் கழித்து ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாகக் கோடு போட்டு, ‘அதற்கு முன்னால் என்ன?’ என்று ஒரு கட்டம் சேர்த்துக் கொண்டுவந்தார். "அடிச்சான்னு எழுதியிருக்கீங்க. அடிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ஒரு எடத்துலயும் இல்லையே சார்" என்றார். வேண்டாவெறுப்பாக எழுதிப் பார்த்தேன். ஆறாம் வகுப்பின் சண்டைகள் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பாடவேளையில்தான் நடந்திருந்தன. ஏழு மணிக்கு வேனில் ஏறுகிற பிள்ளைகள். வீட்டில் தின்றும் தின்னாமலும் கிளம்பி வந்து, ஒரு மணி தாண்டித்தான் சாப்பாட்டைத் திறக்கிறார்கள். நடுவில் பத்து நிமிடம் எதையாவது கொறிக்க விடுங்கள் என்று அவர் நிர்வாகத்திடம் கேட்டார். பாடம் முடியாது என்றார்கள். அரை வருடம் விடாமல் கேட்டார். "பசிக்கற புள்ளைக்கு நீதிபோதனை நடத்தி என்ன பிரயோசனம்?" என்று தாளாளர் அறையில் அவர் கேட்டது வராண்டா வரைக்கும் கேட்டது. கடைசியில் கிடைத்தது. அந்த வருடம் என் நோட்டில் வெற்றுப் பக்கங்கள் இருந்தன. அடுத்த ஜூனில் சிறப்பு வகுப்புக்காக அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துவிட்டார்கள். நோட்டு மறுபடி நிரம்பியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

நம்மிடம் அவர் கேட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். தூரத்தில் நின்று கத்தாதீர்கள், பக்கத்தில் போய்ப் பேர் சொல்லிப் பேசுங்கள் என்பார். ‘ஓடாதே’ என்றால் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது, ‘நட’ என்று சொல்லுங்கள் என்பார். ஒரு வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்காது என்று ஆசிரியர் அறையில் சிரித்தோம். முயன்றுபார்த்துத் தோற்றிருந்தால் பரவாயில்லை. நாம் முயலவே இல்லை.

தர்ஷினி போன வருடம் எங்களிடம் வந்து சேர்ந்தாள். கையை நீட்டுகிற பெண். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள் ரப்பரை எடுத்தால் கிள்ளுவாள். வரிசையில் இடித்தால் திருப்பித் தள்ளுவாள். கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள், ஒரு சொல் வராது. அவள் அப்பா முருகேசன் ரிக் வண்டியில் போர்வெல் போடப் போகிறவர். வருடத்தில் பத்து மாதம் சத்தீஸ்கர் பக்கம். பொங்கலுக்கு வந்தபோது அவரைப் பள்ளிக்கு அழைத்திருந்தோம். மகளை முன்னால் நிறுத்தி, "கண்ண மட்டும் உட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார், நான் கேக்க மாட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். பிலோமினா டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க பத்து நாள்ல வண்டி ஏறிருவீங்க. உரிச்ச தோலோட இவகூட நாங்கதானுங்க இருக்கணும்." முருகேசன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அதன் பிறகு டீச்சர் பள்ளி விட்டதும் சில நாட்கள் வெண்ணந்தூருக்குப் பேருந்து ஏறிப் போனார். ராசிபுரம் போய் மாற வேண்டும். மறுபடி சேலம் போய்ச் சேரும்போது எட்டரை ஆகிவிடும். என்னதான் செய்கிறீர்கள் அங்கே என்று கேட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்ததில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். தினமும் சாயங்காலம் முருகேசன் வீட்டுக்குப் போன் பண்ணுவார். செல்வி போனை ஸ்பீக்கரில் போட்டு, அன்றைக்கு மகள் செய்த தப்புகளையெல்லாம் ஒப்பிப்பார். அவரும் அங்கிருந்தே திட்டுவார். திட்டி முடிந்ததும் போன் வைக்கப்படும். அப்பாவிடமிருந்து அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மறுநாள் காலை அவள் கை நீளும்.

டீச்சர் செல்வியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். போனில் முதலில் ஒரு நல்லதைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். செல்வி, "நல்லதுன்னு சொல்ல இவகிட்ட என்னங்க இருக்குது?" என்றாராம். அன்றிலிருந்து தினமும் ஒரு துண்டுச் சீட்டு தர்ஷினியின் பையில் போனது. அதில் ஒன்று என் கண்ணில் பட்டது. ‘இன்று கரும்பலகையைத் தானாகவே துடைத்தாள்’ என்று இருந்தது. இதையெல்லாம் சாதனை என்று எழுதி அனுப்ப வேண்டுமா என்று கேலி செய்தேன். "உங்க ஊட்டம்மா நீங்க செஞ்ச தப்ப மட்டும் தெனமும் உங்க அண்ணன்கிட்ட போன்ல சொன்னாங்கன்னா, சாயங்காலம் ஊட்டுக்குப் போவீங்களா சார்?" என்று கேட்டார். சேலத்துக்காரர் வீட்டை வேண்டுமென்றேதான் ‘ஊடு’ என்றார், என் பேச்சைக் கிண்டல் செய்து. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

ஐந்து வாரம் தர்ஷினியின் பெயர் என் நோட்டில் ஏறவில்லை. ஆறாவது வாரம் வியாழக்கிழமை, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் யாழினி என்ற பெண்ணை எவர்சில்வர் பாட்டிலால் அடித்துவிட்டாள். புருவத்தில் மூன்று தையல். இன்னும் ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். யாழினியின் பெற்றோர் மருந்துக்கடை வைத்திருப்பவர்கள். அந்தப் பெண் இருக்கிற வகுப்பில் எங்கள் மகள் இருக்கமாட்டாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் என்னைப் பார்த்தது. எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளையை வெளியே அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. அதற்கு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெற்றோரே விரும்பி மாற்றுச் சான்றிதழ் கேட்பதாக எழுதி வாங்கிக்கொள்வது. அந்தக் கடிதத்தை நான்தான் தயார் செய்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் டீச்சர் என் அறைக்கு வந்தார். மூன்று வாரம் கொடுங்கள் என்றார். முடியாது என்றேன். அப்பா இந்த மாசம் வரவில்லை என்று புதன்கிழமை போனில் சொல்லியிருக்கிறார், அதுதான் விஷயம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "யாழினியோட அம்மா நேத்து ரெண்டு மணி நேரம் வராண்டாவுல உக்காந்திருந்தாங்க. அந்தப் புள்ள எப்படி இருக்குன்னு ஒரு தடவ கேட்டீங்களா டீச்சர்?" என்றேன்.

அது அவருடைய குறைதான். அடித்த பிள்ளையைப் பார்க்கப் போனால் அடிபட்ட பிள்ளையை மறந்துவிடுவார். மதிப்பெண் பட்டியலை நேரத்துக்குத் தரமாட்டார். அடுத்தவர் வகுப்பிலிருந்து கேட்காமல் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்வார். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர் சுலபமான மனுஷி கிடையாது.

"கேக்கல சார். தப்புதான்" என்றார். பிறகு மறுபடி ஆரம்பித்தார். "அவங்கப்பா மாறல. நம்ம டீச்சருங்க மாறல. நீங்க மாறல. இத்தனை பேர்ல அஞ்சு வாரம் மாறிப் பாத்தது அந்தப் புள்ள ஒண்ணுதான். அதைப் போய் அனுப்பறீங்க." கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டுப் போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரில் உறவுக்காரர் வீட்டில் காதுகுத்து. சாயங்காலம் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. இலையில் சோறு விழுந்திருந்தது. எப்படியும் நாளைக்கு நேரில் வந்து திட்டப்போகிறார், இப்போதே எதற்கு என்று சட்டைப் பையில் போட்டுவிட்டேன். தம்பி சொன்ன அந்தக் கடைசி அழைப்பு அதுதான். திங்கட்கிழமை காலை அவர் போனிலிருந்து கூப்பிட்டது தம்பி.

செவ்வாய்க்கிழமை சேலத்தில் அடக்கம். கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது யாழினியின் அம்மா என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. அவர் அங்கே வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"டீச்சர் சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க சார்" என்றார். மூன்று மணி நேரம் இருந்தாராம். யாழினி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்கு வர எதற்குப் பயமாக இருக்கிறது என்று கேட்டாராம். அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாராம். வியாழக்கிழமையே உன்னைப் பார்க்க வந்திருக்க வேண்டும், என் தப்பு என்று ஒரு பெரிய மனுஷியிடம் சொல்வதுபோல அந்தச் சின்னப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாராம். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒரு டீச்சர் நிற்பதாக இருந்தால் போதும், தர்ஷினி இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாழினியே சொல்லியிருக்கிறாள்.

"நாங்க குடுத்த லெட்டரைத் திரும்ப வாங்கிக்கறோம்னு ஞாயித்துக்கிழமைதான் டீச்சருக்கு போன் பண்ணிச் சொன்னேன். சார்கிட்ட இப்பவே சொல்லிடறேன்னாங்க. சொல்லலிங்களா?"

கூப்பிட்டார்கள், நான்தான் எடுக்கவில்லை என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வெண்ணந்தூருக்குப் பேருந்து ஏறிப் போனேன். செல்வி தறியை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் நான் கத்திக் கத்திச் சொன்னேன். புகாரைத் திரும்பப் பெறுகிறார்கள், சான்றிதழை ரத்து செய்துவிடலாம், பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். இழை அறுந்து தறி தானாக நின்ற பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"பக்கத்து கவுருமெண்டுப் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சுங்க" என்றார். "நீங்க போடச் சொன்ன எடத்துலதானுங்க கையெழுத்துப் போட்டேன். இப்ப வேண்டாங்கறீங்க. அவ என்னங்க பந்தா, அங்கயும் இங்கயும் எறியறதுக்கு?"

நியாயமான கேள்வி. இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டே, கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார். திங்கட்கிழமை சாயங்காலம் முருகேசன் வழக்கம்போலப் போன் பண்ணியிருக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பியதைச் சொல்ல வாயெடுத்த செல்வி, மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தட்டை அவளே கழுவி வெச்சா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கமிருந்து திட்டு வரவில்லையாம். பிறகு முருகேசன் மகளிடம் போனைக் கொடு என்றாராம்.

கிளம்பும்போது தர்ஷினி பள்ளிவிட்டு வந்தாள். புதுச் சீருடை இன்னும் தைக்கவில்லை, நம் பள்ளிப் பாவாடையையே போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் பக்கத்தில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அங்கிருந்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் அடிச்சதாலதான் பிலோ மிஸ் செத்துப்போனாங்களா சார்? நம்ம ஸ்கூல் வேன் பசங்க சொல்றாங்க."

"இல்ல சாமி" என்றேன். நெஞ்சு நோய் வந்தது, அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு முறை சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. டீச்சராக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார், அவள் நம்பும்வரை எழுந்திருக்கமாட்டார். நான் கடைசிப் பேருந்தைச் சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். அதற்கு முன்னால் இரண்டு பேருந்துகள் இருந்தன.

போன வாரம் பள்ளியில் இரங்கல் கூட்டம். படத்துக்கு மாலை போட்டு, இரண்டு நிமிடம் மௌனம் காத்து, எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். தாளாளர் நல்ல எண்ணத்தோடுதான் ஓர் அறிவிப்பைச் செய்தார். வருடாவருடம் பள்ளியிலேயே மிக ஒழுக்கமான ஒரு மாணவருக்கு டீச்சர் பெயரில் நன்னடத்தை விருது. கைதட்டினார்கள். நான் எழுந்தேன். நல்ல பிள்ளை என்று நாம் சொல்கிற பிள்ளைக்காக அவர் ஒருநாளும் வேலை செய்ததில்லை, இந்த விருதை அவர் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார் என்றேன். இதைவிட மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். விருதுச் சான்றிதழ் அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள். சார் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ஒருவர் மைக்கில் சமாளித்தார். விருதுக்குரிய மாணவரை ஒழுங்குப் பொறுப்பாளர்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். நான் தேர்ந்தெடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

அவர் பொறுமைசாலி என்று பேசினவர்களுக்கு அவரைத் தெரியாது. அவருக்குக் கோபம் நிறைய வரும். தாளாளர் அறையில் வரும், பெற்றோர் கூட்டத்தில் வரும், என் மேசைக்கு முன்னால் வாரத்துக்கு இரண்டு முறை வரும். பிள்ளைகளிடம் மட்டும் வராது. பெரியவர்கள் மேல் வருகிற கோபத்தைப் பெரியவர்களிடமே செலவழித்துவிட்டு வகுப்புக்குப் போவார். நாமெல்லாம் அதைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகள் தலையில் கொட்டுகிறோம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தக் கோபத்தைத்தான். என் மேல் கோபப்பட இனி அவர் வரமாட்டார். அந்த வேலையையும் நானேதான் பார்க்க வேண்டியிருக்கிறது.